பௌர்ணமியன்று பூட்டிக்கொண்ட நூலகம்

பௌர்ணமி என்றால் வேங்கிக்காலில் உள்ள அறக்கட்டளை நூலகத்துக்கு விடுமுறை. கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், படிக்க யார் வருவார்கள்? முருகவேல் மட்டும் வருவான். புத்தகப் பதிவுகளைப் பென் டிரைவில் காப்பி எடுப்பது அவனுடைய பௌர்ணமி வேலை. கிரிவலம் போகாததற்கு அம்மா திட்டினால், "நான் கம்ப்யூட்டரைச் சுத்துறேம்மா" என்பான்.

அன்றைக்கும் பழக்கதோஷம்தான். கம்ப்யூட்டரைப் போட்ட கையோடு பென் டிரைவைச் செருகிவிட்டான். திரை வந்தபோது புத்தகங்கள் இல்லை. பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம் என்று ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் மட்டும் இருந்தது. பிடுங்குவதற்குள் காப்பியும் பூட்டிக்கொண்டது. மூன்று வருஷமாகப் புத்தகம் புத்தகமாகப் புரட்டி அவன் ஏற்றியதெல்லாம் போயிற்று. உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றான்.

செயலாளர் சக்கரபாணி பக்கத்துத் தெரு. விஷயம் தெரிந்ததும் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"எப்படிப்பா நுழைஞ்சான்?"

எந்த நூலகம் எந்த மென்பொருளில் ஓடுகிறது என்று எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் இவர்கள் பெயரைச் சேர்த்தவன் முருகவேல்தான். எந்த வருஷத்துப் பதிப்பு என்பது வரை போட்டிருந்தான்; ஓட்டைகள் அடைக்கப்படாத பழைய பதிப்பு. அதைச் சொன்னான்.

"ஓட்டை இங்கதான் இருக்குன்னு போர்டு மாட்டி வெச்சிருக்க. பேஷ்!"

"அந்த லிஸ்ட்டாலதான் சார் போன வருஷம் பொழைச்சோம்."

பொய்யில்லை. தேடல் வேலை செய்யாமல் நின்றபோது, மென்பொருளை விற்றவன் போனையே எடுக்கவில்லை. பட்டியலைப் பார்த்து, அதே மென்பொருளை வைத்திருந்த நாலைந்து நூலகங்களின் எண்களைச் செல்லில் ஏற்றிக்கொண்டு, கூச்சத்தோடு போளூருக்குப் பேசினான். அங்கே வேலை செய்யும் கவியா ஒரு மத்தியானம் முழுக்கப் போனிலேயே சொல்லிச் சொல்லிச் சரிசெய்து கொடுத்தாள். இன்றுவரை முகம் பார்த்ததில்லை.

"முதல்ல நம்ம பேரை அதுலேர்ந்து எடு. வெளிய மூச்சு விடாத. உன் கான்ட்ராக்ட் இந்த மாசம் கமிட்டிக்கு வருது, ஞாபகம் வெச்சுக்கோ."

எடுக்கலாம் என்று செல்லைத் திறந்தபோதுதான் உறைத்தது. கவியாவிடம் இருப்பதும் அதே பழைய பதிப்பு. இவனைக் கண்டுபிடித்தவனுக்கு அவளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்?

கூப்பிட்டான். போகவில்லை. மலையைச் சுற்ற வந்த கூட்டம் மொத்தமும் செல்லில் பேசும் நாள். மொட்டைமாடிக்கு ஓடினான், ரோட்டுக்கு ஓடினான். கட், கட், கட். லேண்ட்லைன் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அது சக்கரபாணியின் மேசைமேல், அவர் கையெட்டும் தூரத்தில்.

எடுத்தான்.

"யாருக்குப்பா?"

"போளூருக்கு சார்."

"வெச்சுடு. வேலை வேணும்னா வெச்சுடு."

எண்ணை அழுத்தி, தன் பெயரைச் சொன்னான்.

"நீங்களா சார்?" என்றாள் கவியா. "சிஸ்டம் இன்னிக்கு ரொம்ப ஸ்லோ சார், இப்பதான்..."

"நெட் வயரைப் பிடுங்குங்க! காப்பி எதையும் செருகாதீங்க!"

நாற்காலி இழுபடும் சத்தம்.

"பிடுங்கிட்டேன். என்ன மிச்சமிருக்குன்னு தெரியல சார்." குரல் உடைந்தது. "பேரே போட்டிருக்கக் கூடாதோ?"

"போடலன்னா உங்க நம்பர் எனக்கு எங்க..."

லைன் செத்தது. போனின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது சக்கரபாணியின் விரல்.

"அடுத்த மாசத்துலேர்ந்து வர வேணாம்," என்றார்.

முருகவேல் ரிசீவரை வைக்கவில்லை. கண் கலங்கியிருந்ததால் செல்லில் இருந்த எண்கள் மங்கலாகத் தெரிந்தன.

"லிஸ்ட்ல செய்யாறும் இருக்கு சார்," என்றான். "விரலை எடுங்க."