புகை சென்சாருக்குப் போகும் வயர்

கரோல் பாக்கில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் வடிவு, மீட்டர் காட்டுவதைக்கூட ஒரே தடவையில் நம்பமாட்டாள். டூரிஸ்ட் பஸ் வைத்திருக்கும் தர்மனோ எந்த மெக்கானிக்கையும் நம்புவதில்லை. டீசல் புகையை அளக்கும் சென்சாரை வேறு பட்டறையில் இரண்டு முறை புதிதாக மாற்றியும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. அதனால் வடிவின் கையையே பார்த்தபடி நின்றார்.

அவள் சென்சாரைக் கழற்றி, வயர் முனையில் மீட்டரை வைத்தாள். இருபத்துநாலு வோல்ட் காட்டியது.

"கரண்ட் வருதே, அப்புறமென்ன?"

"சும்மா இருக்கிறப்ப வரும்ண்ணே. சென்சார் கரண்டை இழுக்கிறப்பவும் வருதான்னு பாக்கணும்."

அதே முனையில் ஹெட்லைட் பல்பை மாட்டினாள். பல்பு மங்கலாக எரிந்தது. மீட்டர் ஒன்பதுக்கு இறங்கியது.

வயரைத் தொடர்ந்து போனவள், டிரைவர் சீட்டுக்கடியில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தாள். வயரை வெட்டி முறுக்கிய இடம் பச்சைபூத்துக் கிடந்தது. அங்கிருந்து சின்ன ஃபேனுக்கு ஒரு வயர் போனது.

"இதுல யாரு கை வச்சது?"

தர்மன் தலையைச் சொறிந்தார். "நான்தாம்மா. போன வருஷ வெயில் தாங்கல."

வடிவு புது வயர் போட்டு, ஃபேனுக்குத் தனி இணைப்பு கொடுத்தாள். லோதி ரோடு வரை ஓட்டிப் பார்த்ததில் விளக்கு அணைந்துவிட்டது. "அச்சா, நல்லது" என்ற தர்மன், சாவியை மறுபடி திருப்பி, விளக்கு ஒரு நொடி எரிந்து அணைவதைப் பார்த்து, அவள் அந்த விளக்கையே பிடுங்கிவிடவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். வடிவுக்குக் கோபம் வரவில்லை. அவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.