பேச்சியிடம் யாரும் கேட்காத கேள்வி

போன மாதம் ஒரு காலையில், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில் எங்கள் பக்கத்து வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி போட்ட பருத்தியில் சூடு படும்போது, சோறு லேசாக அடிப்பிடிக்கிற மாதிரி ஒரு வாசனை வருமே, அது மதிலைத் தாண்டி என் சமையலறைக்கு வந்தது. எட்டிப் பார்த்தேன். கவிதா தன் மகளின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் தர்ஷினி வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறாள். அந்தக் கல்லூரிக்காரர்கள் கம்ப்யூட்டர் திரையில் வந்து நேர்முகம் நடத்துவார்களாம். திரையில் தெரிகிற பாகத்துக்கு வெள்ளைச் சட்டை; தெரியாத பாகத்துக்கு வீட்டில் போடுகிற பூப்போட்ட பேண்ட் போதும் என்று முடிவாகியிருந்தது.

"ஏனுங்கக்கா, நீங்க டாக்டருங்க, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஏஜென்ட் கொடுத்த நாலைந்து தாள்களைக் கவிதா நீட்டினாள். 'கடினமான கேள்விகளைச் சமாளிப்பது எப்படி' என்று தலைப்பு. 'ஏன் டாக்டராக விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்குக் கீழே மூன்று பதில்கள் அச்சடித்திருந்தார்கள். பிடித்த ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளலாம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தேன். வீட்டுக்குள் வந்து அடுப்பை அணைத்த பிறகுதான் என் காது சுடுவது தெரிந்தது. எனக்குக் கோபம் முதலில் காதில்தான் வரும். முகத்துக்கு வர நேரமாகும், வாய்க்கு வர அதைவிட நேரமாகும். ஒரே ஒரு தடவை மட்டும் சரியான நேரத்தில் வாய்க்கு வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பாலக்காட்டில் பிரீ-டிகிரி படித்தபோது எங்கள் ஹாஸ்டலில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. கரண்ட் பில் ஏறும் என்று வார்டன் தடை போட்டிருந்தார். அதனால் பித்தளைச் சொம்பில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, சொம்பின் அடிப்பக்கத்தால் சேலையைத் தேய்ப்போம். சொம்பு வசந்தாவுடையது. அவள் அங்கேயே கல்பாத்தி அக்ரகாரத்துக்காரி, அப்பாவுக்கு வடக்கே மாற்றலாகிவிட்டதால் சொந்த ஊரிலேயே ஹாஸ்டலில் கிடந்தாள். நான் கொல்லங்கோடு. அப்பாவுக்கு அங்கே அரிசி மில். மூன்றாவது ஆள் பேச்சியம்மாள். தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவள். அவள் அப்பா தேயிலை காய வைக்கும் டிரையரில் வேலை பார்த்தார், அம்மா கொழுந்து கிள்ளினார்.

ஆக, எங்கள் அறையில் மூன்று தமிழ் இருந்தது. வீட்டை நான் 'ஊடு' என்பேன், வசந்தா 'ஆம்' என்பாள், எஸ்டேட் வரிசைக் குடியிருப்பில் வளர்ந்த பேச்சி 'லயம்' என்பாள். மூன்று பேரும் லீவுக்குப் போக ஏங்கியது அந்த ஒரே இடத்துக்குத்தான். பேச்சி என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர, அவள் பேசி நாங்கள் கேட்டது குறைவு. சாப்பாட்டு நேரத்தில்கூட 'கொழம்பு' என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு டிரஸ்ட் நடத்திய மருத்துவக் கல்லூரி அப்போது தானே ஒரு எழுத்துத் தேர்வு வைத்து, தேறியவர்களை நேர்முகத்துக்குக் கூப்பிடும். பேச்சியும் நானும் எழுதினோம். இரண்டு பேருக்கும் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அவள் மார்க் என்னுடையதைவிட நன்றாகவே மேலே. அது எனக்குப் பழக்கம்தான், எல்லாப் பரீட்சையிலும் அப்படியே இருந்தது.

எங்களைத் தயார்ப்படுத்தும் வேலையை வசந்தா எடுத்துக்கொண்டாள். அவள் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், மருத்துவத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் கிடையாது. அந்தக் கவலையெல்லாம் அவளுக்கு இல்லை. தேங்காய்ப்பூத் துண்டை அங்கி மாதிரி தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்போ நானாக்கும் சேர்மன். உக்காருன்னு சொல்லாம உக்காரப்படாது. சொல்லு, நீ ஏன் டாக்டராகணும்?"

"ஏழைகளுக்குச் சேவை செய்யணுமுங்க" என்றேன்.

"உங்கப்பா மில்லுக்கு நெல்லு குத்த வராளே, அவாள்ல ஏழை இல்லையா? அவாளுக்கு இதுவரைக்கும் என்ன சேவை பண்ணியிருக்கே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்மன் என்னைச் சேலை தேய்க்க அனுப்பிவிட்டு, பேச்சியைக் கூப்பிட்டார். அதே கேள்வி. பேச்சி தரையைப் பார்த்தபடியே பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"எங்க எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வார டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கம்பவுண்டர்தான் எடுத்துச் சொல்லுவாரு. எங்கம்மா 'நெஞ்சு கரிக்கு'ன்னா, அவரு 'நெஞ்சு வலி'ன்னு சொல்லுவாரு. எங்க சித்தி மாசமா இருக்கையில, புள்ள அசையலன்னு சொல்லப் போனா. கம்பவுண்டர் வயித்து வலின்னு சொல்லிட்டாரு. மாத்திரை குடுத்து அனுப்பிட்டாக. சித்தி மறுநாளும் கொழுந்துக்குப் போனா. புள்ள செத்துத்தான் பொறந்துச்சு. நடுவுல ஆள் இல்லாம, அவுக சொல்லுததை நேரா கேக்க ஒரு டாக்டர் வேணும். அதுக்குத்தான்."

என் கையிலிருந்த சொம்பு ஆறிப்போனது. வசந்தா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். "இதை அப்படியே சொல்லுடீ. ஒரு வார்த்தை மாத்தப்படாது" என்றாள். அடுத்து வந்த நாட்களில் வேறு ஏதேதோ கேள்விகள் கேட்டு எங்களைக் குடைந்தாள். இந்த ஒன்றை மட்டும் மறுபடி கேட்கவில்லை. அது முடிந்துவிட்டது, இனி கவலையில்லை என்று மூன்று பேருக்கும் தோன்றியிருந்தது.

நேர்முகத்தன்று கூட்டம் அதிகம். அதனால் இரண்டிரண்டு பேராக உள்ளே விட்டார்கள். ஒருவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், மற்றவர் பின்னால் சுவரோரம் காத்திருக்க வேண்டும். எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் சேர்மன், ஓரத்தில் ஒரு பெண் டாக்டர். அறை முழுக்கப் புது வார்னிஷ் வாசனை. இன்றைக்கும் ஃபர்னிச்சர் கடைக்குள் நுழைந்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். வீட்டில் சாப்பாட்டு மேசை வாங்கியபோதுகூட நான் வெளியே நின்றுகொண்டேன்.

முதலில் என்னை உட்காரச் சொன்னார்கள்.

"கொல்லங்கோடா? முதலமடை பக்கத்துலதானே? இந்த வருஷம் மாங்கா எப்படி?" என்றார் சேர்மன்.

மழை முந்திவிட்டதால் பூ உதிர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவர் மெய்யாகவே வருத்தப்பட்டார். அப்பாவின் மில்லைப் பற்றி விசாரித்தார்கள். ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டார்கள். ஏழைகளுக்குச் சேவை என்றேன். உலகத்தில் முதல்முதலாக அதைக் கேட்பவர்கள் போல ஐந்து பேரும் தலையாட்டினார்கள். பாடுவாயா என்று பெண் டாக்டர் கேட்டார். குளியலறையில் மட்டும் பாடுவேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் நேர்முகம் அவ்வளவுதான்.

அடுத்தது பேச்சி. அப்பா என்ன செய்கிறார், அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். சொன்னாள்.

"கேரளாதானே நீங்க? அங்கேயே சேராம இங்க எதுக்கு வந்தே?"

அவர்கள் கேட்டதும் தமிழில், அவள் பதில் சொன்னதும் தமிழில். எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒரு தீராத தொல்லை. கேரளத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'நீங்க தமிழ்க்காரங்கதானே' என்பார்கள், தமிழ்நாட்டுக்கு வந்தால் 'நீங்க கேரளாதானே' என்பார்கள். ஆனால் அதே எல்லையைத் தாண்டித்தான் நானும் வந்திருந்தேன். என்னிடம் மாங்காய் விசாரித்தார்கள்.

"நர்சிங் போதாதாம்மா உனக்கு? சீக்கிரம் முடியும், சீக்கிரம் வேலை கிடைக்கும்" என்றார் இன்னொருவர்.

"நான் நர்சிங்குக்கு எழுதல சார். டாக்டருக்குத்தான் எழுதியிருக்கேன்."

நர்சிங் ஒன்றும் மட்டமான வேலையில்லை. இத்தனை வருஷ ஆஸ்பத்திரி வாழ்க்கையில் என் நோயாளிகள் பிழைத்ததில் பாதிக்கு மேல் நர்சுகள் கைங்கரியம். என் கோபம் வேறு. அவளைவிடக் குறைந்த மார்க்கோடு பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் அது போதாதா என்று யாரும் கேட்கவில்லை.

"நடுவுல ஃபெயிலாகி எஸ்டேட்டுக்கே திரும்பிப் போயிட்டா, அந்த சீட்டு வீண்தானே?" என்றார் பெண் டாக்டர்.

"நான் இதுவரைக்கும் ஃபெயிலானதில்ல மேடம்."

கடைசியில் மறு ஓரத்திலிருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார். "உன் எஸ்டேட் ஆஸ்பத்திரில நீ டாக்டர். ஒரே ஒரு பாட்டில் ரத்தம்தான் இருக்கு. அடிபட்டு ஒரு தொழிலாளி வரார், மேனேஜர் பையனும் வரான். யாருக்கு ஏத்துவே?"

"யாருக்கு ரொம்ப மோசமா இருக்கு சார்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி."

"அப்ப மொதல்ல வந்தவுகளுக்கு சார்."

"மொதல்ல வந்தது தொழிலாளி. ஆனா ஆஸ்பத்திரி மேனேஜரோடது. உனக்குச் சம்பளம் குடுக்கறதே அவர்தான்."

பேச்சி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்ப எதுக்கு சார் என்கிட்ட கேக்கீங்க? அது ஏற்கெனவே முடிவான விஷயம்லா."

"ரொம்பப் பேசுது இந்தப் பொண்ணு" என்று சேர்மன் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சுவரோரம் எனக்கே கேட்டது. ஹாஸ்டலில் குழம்பு கேட்கக்கூட ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவளைப் பற்றி.

பிறகு வழக்கம்போல, கேட்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்றார். பேச்சி இல்லை என்று தலையசைத்தாள். நான் எழுந்தேன்.

"ஏனுங்க சார், எங்கிட்ட மாங்காயைக் கேட்டீங்க, அவகிட்ட ரத்தத்தைக் கேட்டீங்க. எங்கிட்ட ஏனுங்க அதைக் கேக்கலை? ஏன் டாக்டராகணும்னு எங்கிட்டக் கேட்டீங்க. அவகிட்ட ஏனுங்க கேக்கலை?"

அவ்வளவு கோபத்திலும் ஒரு 'ங்க' விட்டுப்போகவில்லை பாருங்கள். கொல்லங்கோட்டு வளர்ப்பு.

சேர்மன் சிரித்தார். "துணிச்சலான பொண்ணு. டாக்டருக்கு இது வேணும்" என்றார். சிரித்துக்கொண்டே மணியை அடித்தார். அடுத்த இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பேச்சியிடம் அந்தக் கேள்வியை அவர் அப்போதும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பேச்சி, "ஒனக்கு எதுக்கு இந்த வம்பு" என்றாள். ஊருக்கு வரும்வரை அவள் பேசியது அதுதான்.

பட்டியலில் என் பெயர் இருந்தது, அவள் பெயர் இல்லை. ஒரே அறையில், ஒரே மேசைக்கு முன்னால், இரண்டு பெண்கள் எதிர்த்துப் பேசினோம். மில்காரர் மகள் பேசினால் துணிச்சல், கொழுந்து கிள்ளுபவர் மகள் பேசினால் அதிகப்பேச்சு. வசந்தா ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதி, 'அக்கறையுள்ள குடிமகள்' என்று கையெழுத்துப் போட்டுக் கல்லூரிக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. நான் சேர மாட்டேன் என்று இரண்டு நாள் குதித்தேன். பேச்சிதான் அதட்டினாள்: "நீ போகலைன்னா அந்த சீட்டு எனக்கா வரும்? இன்னொரு மில்லுக்காரன் மவளுக்குப் போவும். கிறுக்கி, போய்ச் சேரு."

அவள் மறு வருஷம் கேரள நுழைவுத் தேர்வு எழுதினாள். பொதுப் பிரிவில் சிறிது தவறியது. சாதிச் சான்றிதழ் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். குறிப்பிட்ட வருஷத்துக்கு முன் கேரளத்துக்கு வந்த குடும்பங்களுக்குத்தான் சான்றிதழ் என்று சொல்லி, தாத்தா எப்போது மலையேறி வந்தார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். லயத்திலேயே வாழ்ந்து லயத்திலேயே செத்தவருக்குப் பட்டாவா இருக்கும், வீட்டு வரி ரசீதா இருக்கும்? தாத்தாவின் சொந்த ஊருக்குப் போய்க் கேட்டால், நீங்கள் கேரளத்தில் பிறந்தவர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். விலங்கியல் படித்து, தேவிகுளம் பக்கத்திலேயே பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சரானாள். நல்ல டீச்சர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. அவள் ஆறிவிட்டாளா என்று கேட்டதற்கு, "தெனமும் அதையே நெனைச்சா பாடம் நடத்துதது எப்படி?" என்றாள்.

இப்போது அந்த மாதிரி நேர்முகங்கள் பெரும்பாலும் இல்லை. ஒரே பரீட்சை, ஒரே ரேங்க். மாங்காய் விசாரிக்கும் சேர்மன்கள் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். அந்தக் கல்லூரியில் அந்த அறையையும் இடித்துவிட்டார்களாம். ஹாஸ்டல் இருந்த இடத்தில் கார் ஷோரூம் வந்துவிட்டது. வசந்தா பெங்களூரில் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள்.

போன மழைக்காலம் முடிந்ததும் மலைக்குப் போயிருந்தேன். பேச்சி தன் எஸ்டேட்டைக் காட்டக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியை மூடிப் பல வருஷம் ஆகிறதாம். இப்போது யாருக்காவது மூச்சு முட்டினால் ஜீப் பிடித்து அடிமாலிக்கு இறங்க வேண்டும். கட்டடம் அப்படியே இருந்தது, கூரைத் தகரத்துக்குப் பச்சை அடித்திருந்தார்கள். வாசலில் தொட்டிச் செடிகள், ஒரு கேட், கேட்டில் யூனிபாரம் போட்ட பையன். டூரிஸ்ட்டுகள் தங்கும் விடுதியாகிவிட்டது. கோடியில் இருந்த அறையைப் பேச்சி கைநீட்டிக் காட்டினாள். ஜன்னலில் வெள்ளைத் திரை தொங்கியது.

"அதுதான் பிரசவ ரூம். நான் அங்கனதான் பொறந்தேன்."

உள்ளே போய்ப் பார்க்கலாமே என்று நான் நடந்தேன். பையன் மரியாதையாகக் கேட்டுக்குக் குறுக்கே கையை வைத்து, "புக்கிங் உண்டோ மேடம்?" என்றான்.

பேச்சி என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். "வா, மழை வருது" என்றாள். மழை வரவில்லை.