சந்தனம் வைத்த பவர் பட்டன்

இருபத்திரண்டு வருடமாகப் புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். ஆயுத பூஜை முடிந்த வாரம்தான் எங்களுக்கு அறுவடை. அந்த வாரம் சந்தனம், குங்குமம் வைக்காத சிஸ்டத்தைப் பார்ப்பது அபூர்வம். கீபோர்டில் தேங்காய்த் தண்ணீர் இறங்கியிருக்கும், ஃபேனில் விபூதி அப்பியிருக்கும். விராலிமலையில் ஒரு வீட்டில் டிவிடி டிரைவைத் திறந்து வெற்றிலை பாக்கை வைத்து மூடியிருந்தார்கள். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சரிசெய்துவிட்டு வருவேன். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி ஒரு பூஜை வாரத்தில் ஆவுடையார்கோவிலிலிருந்து அமுதா என்ற பெண் போன் செய்தார்.

"அண்ணே, சிஸ்டம் ஆன் ஆகுது, ஒடனே ஆஃப் ஆயிருது. இங்கிட்டு ரெண்டு பேரு பாத்துட்டாக. ஃபார்மேட் அடிக்கணும்ங்கிறாக. அது மட்டும் வேணாம்ணே, உள்ள இருக்குறதெல்லாம் அழிஞ்சிரும். நீங்க நேர்ல வாங்க."

ஆன் ஆகி நிற்காத சிஸ்டத்துக்கு எப்படி ஃபார்மேட் அடிப்பார்கள்? காரணம் தெரியாவிட்டால் ஃபார்மேட் என்பது எங்கள் ஆட்களுக்கு வாய்ப்பாடு. எரிச்சலோடுதான் பைக்கை எடுத்தேன்.

அமுதாவின் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர். போன வருடம் லீவில் வந்து, ஆயுத பூஜை கழித்து விமானம் ஏறியவர், நாலு மாதத்தில் அங்கேயே நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அதன்பிறகு சிஸ்டத்தை யாரும் தொடவில்லை. இப்போது ஆன் செய்தால் நிற்கவில்லை.

"பாப்பாவுக்குக் காது குத்துன வீடியோ இதுலதாண்ணே இருக்கு. அதுல அவுக பேசுவாக. போன்ல இருந்ததெல்லாம் போன் மாத்துனப்ப போயிருச்சு. பாப்பா அப்பா கொரலே மறந்துபோச்சுங்கிறா."

"ஹார்டு டிஸ்க்கக் கழட்டிக் கடைக்குக் கொண்டுபோய் காப்பி எடுத்துத் தாரேம்மா. அது சுளுவு."

"வேணாம்ணே. எதையும் வெளிய கொண்டுபோக வேணாம். அவுக வச்ச எடத்துலயே ஓடட்டும்."

அந்தப் பேச்சை நான் காதில் சரியாக வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றியது, நாலைந்து விநாடியில் அடங்கியது. சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றி, கொண்டுபோயிருந்த வேறொன்றை மாட்டினேன். அதே கதை. ராம் என்கிற மெமரிப் பட்டையை எடுத்து ரப்பரால் தேய்த்து மாட்டினேன். அதற்கும் அசையவில்லை. மதர்போர்டே போய்விட்டதோ என்று எனக்கே பயம் வந்தது. அமுதா கதவருகே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் வயரைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு தொடு தொட்டேன். சிஸ்டம் ஆன் ஆகி நின்றது. அப்படியென்றால் போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு பட்டனில். அழுத்திய பட்டன் உடனே வெளியே வராமல் ஆமை வேகத்தில் திரும்பியது. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் சிஸ்டம் தானாக ஆஃப் ஆகும். இங்கே நடந்தது அதுதான். பட்டனின் மேலே காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு. அது வழிந்து இடுக்கிலும் இறுகியிருந்தது.

சிஸ்டத்தை ஆஃப் செய்து முன்பக்கத்தைக் கழற்றினேன். பையிலிருந்த மஞ்சள் துணியை நனைத்து, பட்டனைப் பளிச்சென்று துடைத்து மாட்டினேன். விண்டோஸ் வந்தது. அமுதா வீடியோவைத் தேடிப் போட்டார்.

"பிள்ளையக் கெட்டியாப் பிடிங்க மாமா, அழுவப் போறா" என்றது ஒரு ஆண் குரல். அடுத்த அறையிலிருந்து பாப்பா ஓடிவந்து அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை.

வீடியோ முடிந்ததும் அமுதா கையை நீட்டிப் பட்டனைத் தொடப்போய் நிறுத்திக்கொண்டார்.

"இதுல இருந்த சந்தனம் எங்கண்ணே?"

"அதாம்மா கோளாறே. தொடச்சாச்சு. இனிமே ஒண்ணும் பண்ணாது."

"அது அவுக வெரலால வச்சது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை. சாவு விழுந்த வீடு, அந்த வருடம் பூஜை கிடையாது. ஊரெல்லாம் புதுச் சந்தனம் இருந்த வாரத்தில் இங்கே மட்டும் பழைய சந்தனம். அத்தனை மாதமாக அதைத் துடைக்காமல் வைத்திருக்கிறார்கள். ஃபேனையும் போர்டையும் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. பவர் பட்டனுக்குப் பக்கத்திலிருக்கும் ரீசெட் பட்டனின் வயரை எடுத்துப் பவர் பின்னில் மாட்டியிருந்தால் அதை அழுத்தியே சிஸ்டத்தைப் போட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. சந்தனத்தை யாரும் தொட்டிருக்கவே வேண்டாம்.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன்.

"பாப்பாவுக்குக் கொரல் கெடச்சிருச்சுல்லண்ணே" என்றார். பிறகு மஞ்சள் துணியைக் காட்டி, "அந்தத் துணியக் குடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

"என் அழுக்கும் இருக்கேம்மா அதுல."

"இருக்கட்டும்ணே."

நான்காக மடித்து வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், தூசியைத் தட்டுவதற்கு முன்பு கூட "இதைத் துடைக்கலாமா?" என்று கேட்கிறேன். இதற்கெல்லாமா கேட்பீர்கள் என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கேட்க வேண்டிய வீட்டில் நான் கேட்கவில்லை.