நிலாவில் இறங்கியவர்களையும் வரவேற்ற மைக்செட் ராசு அண்ணன்

மைக்செட் ராசு அண்ணன் போய்விட்டார். முந்தாநாள் விடியற்காலையில்... திருச்சி ஆஸ்பத்திரியில்.

ஆலங்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு ஆளைத் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, ஜல்லிக்கட்டு... எங்கே கூம்பு ஸ்பீக்கர் கட்டினாலும் அந்தக் குரல்தான்.

மற்ற மைக்செட்காரர்கள் பாட்டுப் போடுவார்கள், வந்தவர்களை வரவேற்பார்கள். எங்கள் அண்ணன் கூடுதலாக ராக்கெட்டையும் வரவேற்பார்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். நம் நாடு, அடுத்த நாடு, பிரைவேட் கம்பெனி என்ற பேதமே கிடையாது. யார் எதை மேலே அனுப்பினாலும் விழாவுக்கு நடுவில் பாட்டு நின்றுவிடும்.

"சீனாவிலிருந்து கெளம்பி, நிலாவுக்கு அங்கிட்டுப் பக்கம் போயி, மண்ண அள்ளிக்கிட்டுப் பத்திரமா ஊரு திரும்பியிருக்கும் விண்கலத்தை, விழாக்குழுவின் சார்பாக வருக வருக என வரவேற்கிறோம்!"

சாமி கும்பிட வந்தவர்கள் சிரிப்பார்கள். கமிட்டித் தலைவர் முறைப்பார். அண்ணன் அடுத்த பாட்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒரு தடவை கேட்டே விட்டேன். "ஏண்ணே, எவனோ விட்டா நமக்கென்னண்ணே?"

"அம்புட்டுத் தூரம் போறவங்களுக்கு, ஒரு வாங்கன்னு சொல்ல ஆளு வேணாமா ஆத்தா?"



ஒரு தை மாதம் ஜல்லிக்கட்டு. ஜப்பான் அனுப்பிய லேண்டர் நிலாவில் தலைகுப்புற இறங்கியிருந்த சமயம். அடுத்த மாடு வர லேட்டாக, அண்ணன் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"தலகுப்புற விழுந்தாலும் எறங்குனது எறங்குனதுதான்யா! ஜப்பானுக்கு விழாக்குழு சார்பா ஒரு அண்டா!"

பரிசு அண்டாவை உபயம் செய்தவர் மேடைக்கே ஓடி வந்துவிட்டார்...

என் மகள் காதணி விழாவைச் சொல்லாமல் விட முடியாது. சாயங்கால ஃபங்ஷன். தேதி குறித்தபோது, அதே சாயங்காலம் சந்திரயான் நிலாவில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

குளத்தூரிலிருந்து என் கூடப்பிறந்த அண்ணன், தாய்மாமன் சீரோடு வேட்டுப் போட்டுக்கொண்டு வருகிறான். தெருமுனைக்கு வந்தால் வரவேற்க ஒரு ஆளில்லை. சந்தனமும் கற்கண்டும் மேசையில் அநாதையாகக் கிடக்கின்றன.

மொத்தக் கூட்டமும் மைக்செட் மேசையைச் சுற்றி, ராசு அண்ணனின் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஸ்பீக்கரில் இங்கிலீஷ் கமெண்டரி.

தாய்மாமன் கோபம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். "திருப்புங்கடா சீர!" என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது. மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது?

அந்த நேரம் பார்த்து லேண்டர் இறங்கிவிட்டது. ஒரே கைதட்டல். ராசு அண்ணன் ஒரு செகண்ட் தெருவைப் பார்த்தார், மைக்கை எடுத்தார்.

"நிலாவுல எறங்கியாச்சு! அதே நேரத்துல, குளத்தூர்லேருந்து பொறப்பட்டு நம்ம தெருவுல எறங்கியிருக்கும் தாய்மாமன் அவர்களையும் வருக வருக என வரவேற்கிறோம்! எல்லாரும் முன்னால போங்க... நிலா எங்கிட்டும் போகாது, மாமன் போயிருவாரு!"

என் அண்ணன் சிரித்துவிட்டான். இன்றுவரை அவனுக்கு எங்கள் தெருவில் சந்திரயான் மாமா என்றுதான் பெயர்.

அப்புறம்தான் தொண்டையில் கட்டி என்றார்கள்.

நம் நாட்டுக்காரர் ஒருவர், பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிற விண்வெளி ஸ்டேஷனுக்குப் போகப்போகிறார் என்று நியூஸ் வந்துகொண்டிருந்த நேரம். தேதி தள்ளிக்கொண்டே போனது. அவரை வழியனுப்பிவிட்டுத்தான் ஆபரேஷன் என்று ராசு அண்ணன் ஒரே பிடிவாதம்.

அவர் மனைவி சரோஜா அக்கா விடவில்லை. "அவரு எப்பப் போவாரோ... எனக்கு நீங்க இருக்கணும்" என்று அழுது, சண்டை போட்டு, இழுத்துக்கொண்டு போனார்.

ஆள் பிழைத்து வந்தார். குரல் போய்விட்டது.

ராக்கெட் கிளம்பிய அன்று நடு மத்தியானம். தன் வீட்டு வாசலிலேயே கூம்பு ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார் அண்ணன். பழக்கத்தில் மைக்கை வாய்க்கிட்டே கொண்டுபோனார்... வெறும் காற்றுதான் வந்தது.

மைக்கைப் பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினார். நான் தடுமாறி "வருக" என்று ஆரம்பித்தேன். வேகமாகக் கையை ஆட்டினார். கிளம்புகிறவரைப் பார்த்து வருக என்று சொன்னால் எப்படி?

உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினார். பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "போயிட்டு... பத்திரமா... வாங்க."

என்ன மனுசன்! குரல் போன துக்கத்தைவிட, அந்த மனிதர் நல்லபடியாக மேலே போய்ச் சேர்ந்த சந்தோசம்தான் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது.

நோய் திரும்பி வந்தது. நேற்று அவர் உடலை எடுத்துவிட்டார்கள்.

இன்று காலை சரோஜா அக்கா கூப்பிட்டு விட்டிருந்தார். போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன் வீட்டு விசேசத்து வீடியோல அவரு பேசுனது இருக்குல்ல ஆத்தா?"

ஊருக்கெல்லாம் பேசியவரின் குரல் அவர் வீட்டில் எதிலுமே இல்லையாம். "ஒரே வீட்டுல இருக்கிறவுகளுக்கு யாரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவா?" என்றார்.

வீடியோவை என் செல்லில் போட்டேன். குரல் வந்ததும் போனைப் பிடுங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். சிரித்தார். அப்புறம் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையிலிருந்த அண்ணனுடைய ஸ்பீக்கரைக் காட்டினார். "இதுல போடு."

துக்க வீட்டில் மைக்கா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தத்தக் கூட்டி வையி ஆத்தா. ஒரு வருசமாச்சு... கேட்டு."

கூட்டி வைத்தேன்.

நன்றி, ராசு அண்ணே.