நீல ஸ்டூல்

அடையாறிலிருந்து தி.நகருக்கு ஆட்டோவில் போகும்போது, வழியில் இருந்த சிஎன்ஜி பங்க்கில் நீண்ட வரிசை. எங்கள் முறை நெருங்கியதும் டிரைவர் திரும்பினார். நரைத்த மீசை, தூக்கம் போதாத கண்கள்.

“கேஸ் போடும்போது உள்ள யாரும் குந்தக்கூடாது சார். கொஞ்சம் இறங்கிக்கோங்க.”

இறங்கினேன். சீட்டுக்குப் பின்னாலிருந்து நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை எடுத்து, துண்டால் துடைத்து, சுவரோர நிழலில் போட்டார்.

“சவாரி வர்ற எல்லாருக்கும் ஸ்டூலா?” என்றபடி உட்கார்ந்தேன்.

“எங்க வீட்டம்மாவுக்கு வாங்குனது சார். டயாலிசிஸ் முடிச்சிகினு வந்தா அதால நிக்க முடியாது. பெட்ரோல் போட்டு ஆஸ்பத்திரிக்கு அலையறது கட்டுப்படி ஆகலன்னுதான் கேஸ் வண்டிக்கே மாறுனேன்.”

“இப்போ எப்படி இருக்காங்க?”

அவர் வரிசையைப் பார்த்தார். “அது கூட வந்தப்போல்லாம் நாலு வண்டிதான் நிக்கும். இப்போ எல்லாரும் கேஸுக்கு வந்துட்டாங்க சார்.”

கேஸ் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், ஸ்டூலுக்கு முன்னால் லேசாகக் குனிந்து, என்னைத் தூக்கிவிடுவதுபோல் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கை பாதியில் நின்றது.

எனக்கு முழங்கால் வலி எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.