குங்குமம் இட்ட விமானம்

"டப்!"

பின்னறையிலிருந்து வந்த சத்தம் துப்பாக்கி வெடித்தது போலவே இருந்தது. வாசலில் நின்ற விஜயன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குந்திவிட்டான். பிரிக்பீல்ட்ஸ் தெருக் காவல் படைக்கு அவன்தான் தலைவன்.

"பயப்படாதீங்க தம்பி, ரப்பர் அறுந்துபோச்சு" என்றாள் வீரம்மா.

அவள் கணவர், ரயில்வே பட்டறை பிட்டர் தம்புசாமியின் வாழ்க்கையே அந்த ரப்பரில்தான் முறுக்கேறிக் கிடந்தது. ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம். அரிசி இல்லை, சோப்பு இல்லை. கப்பலேற வழியில்லாத ரப்பர் மட்டும் மலையாய்க் கிடந்தது. அதை மெல்லிய நாடாவாய் அறுத்து முறுக்கி, மூங்கிலும் பட்டக் காகிதமுமாய்ச் செய்த விமானத்தில் பூட்டிப் பறக்கவிடுவார். முறுக்கு ஏற வேண்டும், பாரம் குறைய வேண்டும், பெரிய விசிறி மெதுவாய்ச் சுற்ற வேண்டும். இதுவே அவர் கண்ட தத்துவம். முறுக்கு வழுக்கி விழ வெண்டைக்காய்க் கொழகொழப்பைத் தடவுவார். குழம்பில் வெண்டைக்காயைக் கண்டு வீரம்மாவுக்கு ஆறு மாதம். விமானத்தை நிறுக்க எடைக்கல் நாற்பது அரிசி மணி. பசியில் கண் இருண்டாலும் அதை அவள் தொடக் கூடாது!

"அக்கா, நேத்து நம்ம தெரு மேல ஒரு விமானம் அம்பத்தோரு செகண்டு பறந்திருக்கு. அடையாளமில்லாத விமானம் லா! நான் ரிப்போர்ட் எழுதிட்டேன். கொடுத்தா அண்ணே பேரு சயாம் லிஸ்ட்ல ஏறிடும்."

சயாம்! காட்டில் ரயில் பாதை போட அந்தத் தெருவிலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

விமானத்தோடு வெளியே வந்தார் தம்புசாமி. முகமெல்லாம் பூரிப்பு.

"அம்பத்தொண்ணா? நான் நாப்பத்தெட்டுன்னுல்ல எண்ணினேன்!"

"அண்ணே, றெக்கையில ஜப்பான் கொடியில இருக்கிற சிவப்பு வட்டம் இருந்தா நான் ஏன் வரப்போறேன்? பெயிண்ட் அடிச்சிடுங்க."

"பெயிண்டா? பாரம் தாங்காம மூக்குக் குத்தி விழும். அதுக்குச் சயாமே தேவலாம்."

"பாவி மனுஷா!" என்று அலறினாள் வீரம்மா. அழுதுகொண்டே சாமி படத்தடிக்கு ஓடினாள். சிமிழில் இருந்தது கடைசிச் சிட்டிகைக் குங்குமம். விரலைக் கண்ணீரில் நனைத்து, இரண்டு இறக்கையிலும் வட்டமாய் இட்டாள். எந்தத் தாலிக்காக அதைப் பொத்தி வைத்திருந்தாளோ, அந்தத் தாலிக்காகவே அது காகிதத்தில் ஏறியது!

தம்புசாமி விமானத்தைத் தராசில் வைத்தார். மூவரும் மூச்சை அடக்கினார்கள்.

"மூணரிசி கூடுது" என்றார். அவள் முகத்தைப் பார்த்தார். "அதுல ஒண்ணு உன் கண்ணீரு. காஞ்சா போயிடும். பறக்கும் வீரம்மா."

விஜயன் ரிப்போர்ட்டைக் கிழித்தான். உடனே அவனுக்கு வேறொன்று உறைத்தது. சிவப்பு வட்டத்தைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும். தெருவுக்கே அதைப் பழக்கியவன் அவன்தான். காலை ஒட்டி வைத்து, இடுப்பு மடியக் குனிந்தான். நிமிர்ந்த பிறகும் முதுகைக் காட்டத் துணிவில்லை. பின்பக்கமாகவே நடந்தான்.

"தம்பி, பின்னால வாளி!"

"வரேன் அக்கா" என்றான் விஜயன். வாளி உருண்டது. விழுந்தவன் எழுந்து, இன்னொரு தரம் குனிந்துவிட்டுப் படியிறங்கினான்.

வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.