சிவப்புப் பேனாவும் ஓடக்காரனும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சென்னையில் சனிக்கிழமை மாலைகளில் நடந்த ஸ்பானிஷ் உயர்நிலை வகுப்பில் சேர்ந்தேன். திருவள்ளூரில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குத் திருத்துவதற்குக் கோப்புகள் இல்லை. மனைவியோ திருந்துவதாக இல்லை. பொன்னேரியிலிருந்து மின்சார ரயிலில் போவேன். ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் கதைகளைப் படித்து, அந்த மொழியிலேயே அவற்றைப் பற்றி எழுத வேண்டும்.

வயதுக்கு மரியாதையாக ஆசிரியை வருகைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது. பத்து நிமிடம் தாமதமானால் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று போட்டேன். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓட்டும் ஒரு பெண்ணுக்குத்தான் அது அதிகம் விழுந்தது. ஷிப்ட் முடிந்து அவர் பிடிக்கும் ரயில் வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் கழித்துத்தான் கொண்டுவந்து சேர்க்கும். தேர்வில் தேறினால், ஸ்பெயினிலிருந்து வரும் மெஷின்களின் குறிப்புகளை மொழிபெயர்க்கும் வேலை அவருக்கு அங்கேயே கிடைக்கும். வருகை குறைந்தால் தேர்வே எழுத முடியாது. அப்படி எழுத முடியாதவர்களின் பட்டியலை என் அழகான கையெழுத்தில் நானே எழுதி ஒட்டினேன். ஒரே ஒரு பெயர்.

அன்றைக்குப் படித்த கதையில் ஓர் ஓடக்காரன். சாகக் கிடக்கும் தம்பியைப் பார்க்க ஓடி வரும் பெண்ணை, மணி அடித்துவிட்டது என்று ஏற்ற மறுக்கிறான். அவனை விளாசி நான்கு பக்கம் எழுதி வாசித்தேன். குரல்கூடத் தழுதழுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தொழிற்சாலைப் பெண்ணும்தான்.

திரும்பும் ரயிலில் அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சூப்பரா எழுதிக்கீறீங்க சார். அழுகையே வந்துட்ச்சி."

"நன்றிம்மா" என்றேன், அடக்கமாக.

"அந்த ஓடக்காரன் கையில செகப்புப் பேனா ஒண்ணுதான் சார் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை.

"கை கூட கழுவாம ஓடியாருவேன் சார். நான் வாசல்ல மூச்சு வாங்கிக்கினு நிக்கறப்பவே நீங்க எழுதினு இருப்பீங்க."

பொன்னேரி வந்தது. நான் இறங்கவில்லை. தாமதமாக வந்தவரை வராதவராகக் காட்ட எந்த விதியும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது நானாகப் போட்ட விதி. கும்மிடிப்பூண்டி போய்ச் சேருவதற்குள், என் கட்டுரைத் தாளின் பின்பக்கத்திலேயே, தவறு என்னுடையது, பதிவேட்டைத் திருத்தி இவரைத் தேர்வுக்கு அனுமதிக்க வேண்டும் என்று வகுப்பு நடத்தும் பயிற்சி நிலையத்தின் தலைவருக்கு எழுதினேன். எத்தனையோ பேரிடம் விளக்கக் கடிதம் வாங்கியவன், முதல் தடவையாக ஒன்று எழுதினேன்.

அவர் வாங்கிப் படித்தார். "இன்னா சார், நீங்க போயி தேதி போடாம உட்டுட்டீங்க?"

அனுமதி கிடைத்தது. அவர் தேறினார். நானும் தேறினேன், அவரைவிடக் குறைந்த மதிப்பெண்ணில்.

இப்போதும் அந்தக் கதையை எடுத்தால், மணி அடித்துவிட்டது என்று சொல்லி என் அலுவலக மேஜைக்கு முன்னால் நான் நிறுத்திவைத்த முகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அவர்களில் ஒருவர்கூட என் எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்ததில்லை.